ஆணி ஓட்டைக்கு நாலு விரல் கீழே

அருங்காட்சியகத்தில் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்திருப்பார்கள். பொருளின் பெயர், கொடுத்தவர், அளவு, நிலை, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். மற்ற நான்கையும் கவனமாக நிரப்புவீர்கள். அளவு என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகத் தோன்றும். டேப் பக்கத்தில் இருக்காது, அல்லது வெளியே யாராவது காத்திருப்பார்கள். நானும் இழுத்திருக்கிறேன். அப்படி இழுத்த கோடுகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ஊரில் அருங்காட்சியகம் தொடங்கியபோது, எழுதத் தெரிந்த ஆள் என்பதற்காக என்னைப் பொறுப்பாளராக வைத்தார்கள். கட்டடம் பழைய கால்நடை மருத்துவமனை. மூன்று அறைகள். மாடு கட்டிய இரும்பு வளையங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. மழைநாளில் முதல் அறையில் மருந்து வாசனை வரும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. தெருவுக்கு நாலைந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிங்கப்பூர், சவுதி, திருப்பூர், சென்னை என்று கிளம்பியவர்கள் எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று யோசித்து, விட்டதில் கொஞ்சத்தை எங்களிடம் கொடுத்தார்கள். பித்தளைப் படி, நாதசுரப் பெட்டி, கிராமபோன், வண்டிச் சக்கரம். முதல் இரண்டு வருடத்தில் நாங்கள் தேடிப்போய் வாங்கிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது.

நாற்பத்தோராவது பொருள் ஒரு தேக்குப் பலகை. ஆள் உயரம், ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். சின்னையன் என்பவரின் மனைவி தமிழரசி அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே வந்தார். சின்னையன் இருபது வருடம் வாய்க்காலில் மடை பார்த்தவர், அதாவது தண்ணீரைத் திறந்து விடுகிற ஆள். பொதுப்பணித் துறை பழைய மடையை இடித்து சிமெண்டில் கட்டி, இரும்புக் கதவு போட்டபோது பலகை வேண்டாததாகிவிட்டது. சின்னையன் அதை வீட்டில் சாத்தி வைத்துவிட்டு, சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பலகை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர்கள் வேண்டாம். வாய்க்காலின் தலைப்பில் இருப்பதை மேலூர் என்றும், கடைசியில் இருப்பதைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்வோம். மடைக்குள் அடிக்கல்லின் மேல் இந்தப் பலகை நிற்கும். அதில் குறுக்காக ஒரு சுண்ணாம்புக் கோடு. தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றால் இரண்டு ஊரும் ஒன்றாகப் பாய்ச்சலாம். கோட்டுக்குக் கீழே இறங்கினால் முறை வந்துவிடும்: மேலூருக்கு இரண்டு நாள், பிறகு மேலூர் மடைகளையெல்லாம் அடைத்துக் கீழூருக்கு இரண்டு நாள். எழுத்தில் எங்கும் கிடையாது. பலகையில்தான் இருந்தது.

இதையெல்லாம் நான் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் அழகாக எழுதினேன். சின்னையனின் இருபது வருடங்கள், புயல் வருடத்தில் அவர் மடையைக் காத்த கதை, தமிழரசி சைக்கிளைத் தள்ளிவந்தது எல்லாம் அதில் உண்டு. செய்தித்தாளில் போட்டால் முக்கால் பத்தி வரும். அளவு என்ற இடத்தில் ஒரு கோடு. பலகையின் சுண்ணாம்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நான் எழுதவில்லை.

அதோடு நிற்கவில்லை. பலகையில் துருப்பிடித்த ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளும் என்று பிடுங்கினேன். பிடுங்கிய ஆணியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் ஆயுத பூஜையை ஒட்டி ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். எங்களிடம் உதவியாளராக இருந்தவர் லூர்துமேரி. மேரியம்மா என்று கூப்பிடுவோம். மேலூர்க்காரர். "எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் ஊர்வேலையாகப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் கலப்பை, படி, நாதசுரப் பெட்டி, பலகை, கிராமபோன் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். மரச்சாமான்களைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருந்தார். பித்தளைக்குப் புளி.

"என்ன மேரியம்மா இது? மியூசியத்துல பொட்டு வைப்பாங்களா?"

"தாலுகா ஆபீஸ்ல ஜீப்புக்கு வைக்கிறாங்க, டைப் மிஷினுக்கு வைக்கிறாங்க. நம்ம சாமானுங்க மட்டும் மூளியா நின்னா நல்லாவா இருக்கு?"

"நீங்க வேதக்காரங்களாச்சே."

"அதனாலதான் சார் பூசை பண்ணல. பொட்டு மட்டும்தான் வச்சேன்."

நான் சிரிக்கவில்லை. ஈரத்துணியை எடுத்து நானே எல்லாப் பொட்டையும் துடைத்தேன். வரவேண்டிய அதிகாரி வரவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் அருங்காட்சியக வாசலில் வந்து நின்றார்கள். பாதிப் பேர் மேலூர், பாதிப் பேர் கீழூர். ஒரே வண்டியில் வராமல் இரண்டு டிராக்டர்களில் வந்ததிலேயே விஷயம் புரிந்தது. மேலூருக்காகப் பேசியவர் ராமலிங்கம். கோபம் வந்தால் குரல் தணிகிற மனிதர். கீழூருக்காக வந்தவர்களில் முன்னால் நின்றவர் சாகுல். எட்டு வருடம் சவுதியில் இருந்துவிட்டு, போன சித்திரையில்தான் திரும்பியவர். கொண்டுவந்ததைக் கொண்டு கீழூரில் ஒன்பது மா நிலம் வாங்கியிருந்தார். மூன்று ஏக்கர். அதில் அவருடைய முதல் சம்பா.

கீழூரில் நடவு பிந்திவிட்டது. மேலூரில் கதிர் முற்றிவிட்ட நேரத்தில் அங்கே அப்போதுதான் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். மேட்டூர் அணையை மூடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் இரண்டரைச் சாண் தண்ணீர் ஓடியது. கோடு இரண்டு சாணில் இருந்தது, ஆகவே முறை இன்னும் வரவில்லை என்றது மேலூர். மூன்று சாணில் இருந்தது, நாலு நாளைக்கு முன்பே முறை வந்துவிட்டது என்றது கீழூர்.

"பலகை உங்ககிட்டதான இருக்கு. அளந்து பாத்துட்டுப் போயிடுறோம் சார்" என்றார் ராமலிங்கம்.

அறைக்குள் கூட்டிப்போனேன். பலகை பளபளவென்று இருந்தது. மேரியம்மா தேங்காய் எண்ணெய் வேறு தடவியிருந்தார். கோடு இல்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏன்யா, பாத்திரமா இது, வெளக்கி வைக்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பதிவேட்டை எடுத்து வந்தேன். சின்னையனின் வரலாற்றை அவர்களிடம் படித்துக் காட்டவா முடியும்?

சாகுல் பலகையைத் தடவிப் பார்த்தார். "எட்டு வருசம் மணலப் பாத்துட்டு வந்தவன் சார் நான். இந்தப் போகம் போச்சுன்னா மறுபடி விசாவுக்கு அலையணும். வீட்ல சொல்லிட்டேன், பெட்டியப் பரண்ல ஏத்தாத, கட்டிலுக்கடியிலயே இருக்கட்டும்னு."

அடுத்து ராமலிங்கம் சொன்னதுதான் எனக்கு வந்த சோதனை. "சார், நீங்க பேப்பர்ல இருந்தவரு. ஒரு பக்கம் சாஞ்சு எழுதினதில்ல. தினம் இதைப் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? எங்க இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு ஊரும் கட்டுப்படுறோம்."

சாகுலும் தலையசைத்தார்.

ஒரு வார்த்தை போதும். கீழூர் சொல்வதுபோலக் கோடு மேலே இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அந்த ஞாபகம் பலகையைப் பார்த்து வந்ததா, கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்டதால் வந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. நிருபராக இருந்தபோது என் செய்தி ஆசிரியர் நான் அனுப்பிய செய்தியில் பென்சிலால் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்: 'பார்த்தாயா, நினைக்கிறாயா?'

"எனக்குத் தெரியாது" என்றேன். "கோட்டை அளக்காம விட்டது நான். தேய்க்கச் சொன்னதும் நான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க."

"ஞாயித்துக்கிழமை கோடு வளந்துடுமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அவர்கள் போனபின் மேரியம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சார், கோபப்படக் கூடாது. அன்னைக்கு தேய்க்கத் தேய்க்கக் கோடு மங்குச்சு. ஐயோன்னு இருந்துச்சு. மிச்சம் தெரிஞ்ச எடத்துல பொட்ட வச்சேன். மூணு பொட்டு. ஒண்ணு இந்த ஓரம், ஒண்ணு நடுவுல, ஒண்ணு அந்த ஓரம்."

ஜன்னலைத் திறந்து பலகையைச் சாய்த்துப் பார்த்தோம். ஈர மரத்தில் குங்குமம் ஊறியிருந்தது. நான் துடைத்தது மேலே இருந்ததை மட்டும்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது ஒரே மட்டத்தில் மூன்று மங்கலான சிவப்பு வட்டங்கள்.

"இதை ஏன் அவங்க முன்னாடி சொல்லல?"

"கோடு மேலதான் சார் இருக்கு. எங்க வீட்டுக்காரரு மேலூர் வாய்க்கால்லதான் குத்தகைக்குப் பயிர் வச்சிருக்காரு. நான் எங்க போய்த் தூங்கணும்?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். சாட்சி கையில் கிடைத்துவிட்டது. டிராக்டர்கள் இன்னும் கடைத்தெருவைத் தாண்டியிருக்காது. கூப்பிட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் அருங்காட்சியகம் செய்த தவறின் பாரம் முழுவதும் மேரியம்மாவின் தலையில் ஏறியிருக்கும். அவர் சொல்வதைத் தவிர அந்தக் கறைக்கு வேறு ஆதாரமும் இல்லை. வேண்டுமென்றே இப்போது வைத்தது என்று ஒருவர் சொன்னால் போதும். இன்னொரு ஆள் வேண்டும். கறையைப் பற்றித் தெரியாத ஆள்.

தமிழரசியைத் தேடிப்போனேன். சின்னையன் ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரில் ஒரு தமிழ் மளிகைக் கடைக்கு வருவார். அந்தக் கடையின் தொலைபேசி எண் தமிழரசியிடம் இருந்தது. சனிக்கிழமை முழுவதும் நான் மேலூர்ப் பக்கமும் கீழூர்ப் பக்கமும் போகவில்லை. மேரியம்மாவிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் கூடினோம். ராமலிங்கம், சாகுல், இரண்டு ஊரிலிருந்தும் இரண்டிரண்டு பேர், தமிழரசி. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: கேள்வியை நான்தான் கேட்பேன், இரண்டு சாண், மூன்று சாண் என்ற பேச்சே அங்கே எழக் கூடாது. பதிலை உள்ளே வைத்துக் கேட்டால் எதிரில் இருப்பவர் அதைத்தான் எடுத்துத் தருவார்.

நாலாவது முயற்சியில் லைன் கிடைத்தது. கடைக்காரர் கூப்பிட, சின்னையன் ஓடிவந்து எடுத்தார். மூச்சு வாங்கியது.

"சார்! வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. தமிழரசி பக்கத்துலதான் நிக்கிறாங்க. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். பலகையில கோடு..."

"சின்னையா, நம்ம கோடு ரெண்டு..." என்று ராமலிங்கம் என் தோளுக்கு மேலே கத்தினார். நான் ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினேன். சாகுல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, பேச்சு மாறாதீங்க." கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

"பலகையில கோடு எங்க இருந்துச்சு? உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

"சாண் கணக்கெல்லாம் ஞாபகமில்ல சார். ஆணி இருக்கா?"

"ஆணியா?"

"ஒரே ஒரு ஆணி அடிச்சிருப்பேன். தண்ணி ஏறி எறங்குனா சுண்ணாம்பு போயிடும்ல? வருசா வருசம் ஆடிக்கு முன்னாடி நான்தான் புதுசா இழுப்பேன். அதுக்கு ஒரு அடையாளம் வேணாமா? கோட்டு மேலயே அடிக்கலாம்னு பாத்தா அங்க ஒரு கணு, பலகை பொளந்துடும். அதனால கொஞ்சம் மேல அடிச்சேன். ஆணிக்கு நாலு விரல் கீழ கோடு."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா ஆணியப் புடுங்கி வேற எடத்துல அடிச்சுப்புடுவானுங்க சார், ரெண்டு ஊர்க்காரனுங்களும்."

ஆணியைப் பிடுங்கியவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஓட்டை இருக்கும்ல சார். ஓட்டைய என்ன பண்ண முடியும்?"

ரிசீவரை ராமலிங்கத்திடம் கொடுத்து அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். பிறகு சாகுலிடம். மூன்று பேருக்கும் ஒரே பதில். கடைசியாகத் தமிழரசி வாங்கிக்கொண்டு, வெளியே எங்களைப் பார்த்துக் கையசைத்தார். போய்விடுங்கள், இனிமேல் இது என்னுடைய பேச்சு என்று பொருள்.

அவர் வந்துசேரும்வரை அருங்காட்சியகத்தில் காத்திருந்தோம். பலகையை முற்றத்துக்கு எடுத்து வந்து நிறுத்தினோம். ஆணி ஓட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராமலிங்கம் அதற்குக் கீழே விரலை வைத்தார்.

"யாரு விரலு? சின்னையன் விரல் தடிமனாச்சே" என்றார் கீழூர்க்காரர் ஒருவர்.

"அவரு கை எனக்குத் தெரியாதா? என் அஞ்சு விரல் அவருக்கு நாலு" என்று தமிழரசி முன்னால் வந்து ஐந்து விரலை ஒட்டி வைத்தார். அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே, கணுவின் மேல், நடுப்பொட்டின் சிவப்பு தெரிந்தது.

"இது என்ன கறை?" என்று ராமலிங்கம் குனிந்தார்.

நான் வாயைத் திறக்கும் முன் மேரியம்மா கூட்டத்துக்குள் வந்துவிட்டார். "நான் வச்ச பொட்டு அண்ணே. ஆயுத பூஜைக்கு. கோடு அழியிறதுக்கு முன்னாடி அது மேலயே வச்சேன். இந்தா பாருங்க, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"வெள்ளிக்கிழமை நீ இங்கதான நின்ன? ஏன் சொல்லல?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

ராமலிங்கம் பலகையைப் பார்த்தார். பிறகு மேரியம்மாவைப் பார்த்தார். குரல் தணியவில்லை, அதனால் கோபமில்லை என்று தெரிந்துகொண்டேன். "நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "டேப் எடுங்க சார்."

இந்த முறை நான் அளந்தேன். அடியிலிருந்து கறைவரை மூன்று சாணுக்கு இரண்டு விரல் குறைவு. கீழூர் சொன்னதும் சரியில்லை, ஆனால் வாய்க்கால் தண்ணீர் அதற்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. முறை வந்துவிட்டது. மேலூருக்குரிய இரண்டு நாளும் எப்போதோ கழிந்துவிட்டன. அன்று சாயங்காலமே மேலூர் மடைகளை அடைத்தார்கள். முதல் மண்வெட்டியைப் போட்டவர் மேரியம்மாவின் கணவர் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

செவ்வாய் காலை சைக்கிளில் கீழூர் போனேன். பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தண்ணீர் நுரையையும் வைக்கோலையும் ஒற்றைச் செருப்பு ஒன்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது குமிழி குமிழியாகச் சத்தம். சாகுல் வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் நின்றிருந்தார். தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தொட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், என் பாஸ்போர்ட்ட உங்க மியூசியத்துல வாங்கிக்குவீங்களா?"

"அது உங்களுது இல்ல பாய், கவர்மெண்டுது. வேற ஏதாவது கொடுங்க. அதுவும் அறுவடை முடியட்டும்."

அறுவடை முடிந்தது. சுமாரான விளைச்சல்தான், ஆனால் விளைச்சல். மேரியம்மா அதன் பிறகும் எங்களிடம் பதினொரு வருடம் வேலை பார்த்தார். மேலூரில் சிலர் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. ராமலிங்கம் பேசியதும் மற்றவர்களும் பேசினார்கள். புதிய சிமெண்ட் மடையில் அதே உயரத்தில் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு கோடு செதுக்கினார்கள். ஆனாலும் தண்ணீர் குறைகிற வருடங்களில் யாராவது டேப்போடு வந்து பலகையை ஒருமுறை அளந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் தடுக்காதீர்கள். நாற்காலி போடுங்கள்.

பதிவேட்டில் நாற்பத்தோராவது வரியைத் திருத்தி எழுதினேன். பழைய எழுத்தை அழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டேன். என் தவறும் அந்தப் பலகையின் வரலாற்றில் சேர்ந்தது என்பதால். இப்போது அங்கே இப்படி இருக்கிறது: 'அடியிலிருந்து ஆணி ஓட்டை வரை, ஓட்டையிலிருந்து கறை வரை, கறையிலிருந்து உச்சி வரை, மூன்று அளவுகள். மூன்று குங்குமக் கறைகள், வைத்தவர் லூர்துமேரி. கறையை அகற்றக் கூடாது.' நிலை என்ற கட்டத்தில் முன்பு 'பழையது' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'பயன்பாட்டில் உள்ளது.'

அதே பக்கத்தின் கீழே இன்னொரு பொருளைப் பார்ப்பீர்கள். பச்சை நிற சூட்கேஸ், விமான நிலையச் சீட்டுகள் ஒட்டியது, ஒரு பக்கப் பூட்டு இல்லை. கொடுத்தவர் சாகுல். நீளம், அகலம், உயரம் மூன்றும் எழுதியிருக்கிறேன். நிலைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'இனி பயன்பாட்டில் இல்லை.'